ஹாலண்ட் 1: மேசையில் ஒரு நீர்மூழ்கி

பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கியான ஹாலண்ட் 1-ஐ 1/72 அளவில் மரத்தில் செதுக்கத் தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. அசல் ஏறத்தாழ 19.5 மீட்டர், என் மேசையில் 27 சென்டிமீட்டர். இரு முனையும் ஒடுங்கும் சுருட்டு வடிவம் என்பதால் பிவிசி குழாயை வெட்டி ஒப்பேற்ற வழியில்லை. மாலைதோறும் உப்புத்தாளும் கையுமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சுருட்டுக்குள் எட்டுப் பேர், பெட்ரோல் எஞ்சின், மின்கலங்கள், ஒரே ஒரு டார்பிடோ குழல். பெட்ரோல் ஆவி கசிந்தால் முதலில் தெரியட்டும் என்று கூண்டில் வெள்ளைச் சுண்டெலிகள் வேறு!

நீருக்குள்ளிருந்தே வெளியே பார்க்க உதவும் பெரிஸ்கோப்புக்குக் குண்டூசியின் தலையை நறுக்கிக்கொண்டேன். அசலில் அது மேல்தளத்தின்மீது மடங்கிப் படுக்கும். முன்னால் பார்த்தால் காட்சி நேராகத் தெரியும். பக்கவாட்டில் திருப்பினால் சாயும். பின்னால் திருப்பினால் தலைகீழ். அதை வைத்தே ஓட்டியிருக்கிறார்கள். என்னுடையது மூன்று முறை பிய்ந்து வந்துவிட்டது.

பட்டி பூசியது காய்வதற்குள் சாயம் அடித்ததுதான் நான் செய்த மடத்தனம். மூன்றாம் நாள் வாலருகே கொப்புளம். நகத்தால் கீறினால் ஈரப் பட்டி விரலில் ஒட்டுகிறது.

அசலையும் இப்படித்தான் உள்ளிருந்ததே கெடுத்தது. 1901 அக்டோபர் 2 அன்று பாரோ-இன்-ஃபர்னஸில் நீரில் இறங்கியது. பயிற்சியும் சோதனையுமாகவே காலம் போயிற்று. சண்டையில் ஒரு டார்பிடோகூட விட்டதில்லை. 1913-இல் 410 பவுண்டுக்குப் பழைய இரும்பாக விற்றார்கள். இழுத்துச் செல்லும் வழியில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தின் அருகே மூழ்கியது. 1981-இல் கண்டுபிடித்து மறு ஆண்டே மேலே தூக்கினார்கள். கோஸ்போர்ட் அருங்காட்சியகத்தில், துருத்தடுப்பு பூசி வெளிக்காற்றில் நிறுத்தினார்கள். எஃகில் ஊறிய கடலுப்பு சும்மா இருக்குமா? கடலடியில் 69 ஆண்டு தாங்கிய உடல், தரையில் பத்து ஆண்டுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. பிறகு அதைச் சுற்றிக் கண்ணாடியிழைத் தொட்டி கட்டி, சோடியம் கார்பனேட் கரைசலில் ஆண்டுக்கணக்காக ஊறவைத்து உப்பை இறக்க வேண்டியிருந்தது.

அந்த அளவுக்கு எனக்குப் பொறுமை வேண்டியதில்லை. சாயம் முழுவதையும் சுரண்டியாயிற்று. படகு இப்போது ஜன்னலோர வெயிலில் வெறும் மரமாகக் கிடக்கிறது. ஒரு வாரத்துக்குத் தொடுவதாக இல்லை. அதற்குள் நான்காவது குண்டூசியை நறுக்கிவிடலாம்.