விரலிடுக்கில் தேறிய கண் பரிசோதனை

நான்கு நடை நடந்தோம். அதில் இரண்டு வீண். அதைக்கூட மறந்துவிடலாம், என் மகனின் இடக் கண்ணுக்கு ஓராண்டுக்கு மேல் வீணாகப் போனதைத்தான் மனம் ஆற மறுக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். பிறந்ததும் கண்ணில் விளக்கடித்துச் சிவப்பு ஒளி தெரிகிறதா என்று பார்த்தார்கள். 14-வது வாரத்தில் பொருளைக் கண்ணால் பின்தொடர்கிறானா என்றும், 9-வது மாதத்தில் தூரத்துப் பொருளில் பார்வை நிற்கிறதா என்றும் பார்த்து, 'ரோடு டு ஹெல்த்' என்னும் குழந்தை நலப் பதிவுப் புத்தகத்தில் குறித்தார்கள். அதுவரை குறையில்லை.

நான்கரை வயதில் பாலர் பள்ளியில் நடந்த சோதனையில்தான் கோட்டை விட்டோம். ஒரே அறையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். முன்னால் நின்றவர்கள் அட்டையிலிருந்த எழுத்துகளைச் சொல்லச் சொல்ல, தன் முறை வருவதற்குள் இவனுக்கு எல்லாம் மனப்பாடம். வலக் கண்ணை மூடச் சொன்னபோது விரலிடுக்கு வழியாக அந்தக் கண்ணாலேயே பார்த்திருக்கிறான். பிறகு அவனே சொன்னான். 'பார்வை இயல்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நானும் நம்பிவிட்டேன்.

கண்டுபிடித்தது என் மாமியார், அவனுடைய ஆயா. ஒரு வெள்ளிக்கிழமை அவனுக்குத் திருநீறு பூசும்போது துளி வலக் கண்ணில் விழுந்துவிட்டது. அந்தக் கண்ணை இறுக்கிக்கொண்டே, தட்டிலிருந்த கற்பூரத்தைத் தடவித் தடவித் தேடினான். "இவனுக்கு அந்தக் கண்ணு தெரியலம்மா" என்றார் ஆயா. என் கைகால் ஓடவில்லை.

மறுநாளே கிளினிக்குக்கு ஓடினேன். பதற்றத்தில் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டேன். "பிள்ளை இதோ நிற்கிறான், கண்ணை மட்டும் பாருங்கள்" என்று கெஞ்சியும் முகப்பில் இருந்தவர் அசையவில்லை. இரண்டாம் நடையில் ஒரு நல்ல சிஸ்டர் கிடைத்தார். வலக் கண்ணைப் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி போட்டு மூடினார். எழுத்துகளுக்குப் பதிலாக, மூன்று கால் நீட்டிய ஆங்கில 'இ' வடிவ அட்டை. கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். நல்ல கண் 6/6. இடக் கண் 6/36: மற்றவர்கள் 36 மீட்டரிலிருந்து காண்பதை அவன் 6 மீட்டரில்தான் காண்கிறான்.

பரிந்துரைக் கடிதத்தோடு விடியற்காலை 5 மணிக்கே பெரிய மருத்துவமனைக்குக் கிளம்பினோம். கடிதத்தில் கிளினிக் முத்திரை இல்லையாம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடிதம் கைக்கு வந்ததுமே முத்திரை, கையெழுத்து, தேதி மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனையில் 1994 முதல் கட்டணமில்லை. இவனுக்கு ஆறு முடிய இரண்டே மாதம் இருந்தது. தேதி தள்ளிப்போகுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நடையில் சொட்டு மருந்து போட்டுப் பாவையை விரித்துப் பார்த்தார்கள். மருந்து எரியும், பிள்ளை அழும். அது வேலை செய்யக் காத்திருக்கவும் வேண்டும். அன்று முழுக்க வெயில் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கும். தொப்பியும் சாப்பாடும் மறக்காதீர்கள்; அன்று பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.

சோம்பேறிக் கண் என்றார் மருத்துவர். இடக் கண்ணுக்கு மட்டும் தூரப்பார்வைக் குறை அதிகம். மங்கலாக வருவதை மூளை ஒதுக்கிவிடுகிறது. இரு கண்ணும் திறந்திருக்கும்போது யாருக்கும் தெரியாது. சிறு வயதிலேயே பிடித்தால்தான் சிகிச்சை நன்றாகப் பலிக்கும் என்றபோது, அந்தப் பாலர் பள்ளித் தாளைத்தான் நினைத்தேன். உங்கள் பிள்ளைக்குச் சோதனை நடந்தால் கேளுங்கள்: கண்ணைக் கையால் மூடினானா, ஒட்டி மூடினார்களா? ஒவ்வொரு கண்ணின் அளவையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

கண்ணாடி வந்துவிட்டது. தினம் 2 மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டி மூட வேண்டும். முதல் வாரம் பிய்த்தெறிந்தான். இப்போது அந்த நேரத்தில் ஆயா முறத்தில் துவரம்பருப்பைக் கொட்டி, கல் பொறுக்க அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார். சென்ற மாதச் சோதனையில் இடக் கண் 6/18.