ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு பத்திரிகைக் கட்டுரை

அக்கா மகள் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு, சிபிஎஸ்இ. போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள் ஆங்கில நோட்டை என் முன்னால் வைத்து, "சித்தி, இந்த ஆர்ட்டிகிள்ல மட்டும் மூணு மார்க்கைத் தாண்டவே மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். தண்ணீர் சேமிப்பைப் பற்றிப் பள்ளி இதழுக்கு எழுதச் சொன்ன கேள்வி அது. பிழை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் முதல் வரி 'தண்ணீர் மனித வாழ்வுக்கு இன்றியமையாதது', கடைசி வரி 'ஆகவே நாம் அனைவரும் கைகோத்துத் தண்ணீரைக் காப்போம்', நடுவில் இருந்ததை எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அவளை அதில் எங்கேயும் காணோம்.

நோட்டை மூடிவிட்டு, "2019 கோடையில உங்க தெருவுல என்ன நடந்துச்சு, சொல்லு" என்றேன். அவள் அப்போது ஆறாம் வகுப்பு. குரோம்பேட்டையில் அவர்கள் தெருவுக்குள் லாரி ஹாரன் கேட்டதும் செருப்புகூடப் போடாமல் குடத்தோடு ஓடியது, வீட்டுக்கு ஏழு குடம் என்று கணக்கு, வரிசையில் தன் இடத்தை விடாமல் நின்றதில் பள்ளி வேனைத் தவறவிட்டது, பாட்டி அரிசி கழுவிய தண்ணீரை எடுத்து வைத்து முருங்கைக்கு ஊற்றியது என்று கால் மணி நேரம் பேசினாள். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, "இதையெல்லாம் எக்ஸாம்ல எழுதலாமா சித்தி?" என்றாள்.

எழுதலாம். எழுத வேண்டியதே இதைத்தான். இத்தனை வருடமாக ஒரு பிள்ளையிடம் இதை யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பத்திரிகையில் வரும் கட்டுரையை யாரும் கடமைக்குப் படிப்பதில்லை, பிடிக்கவில்லை என்றால் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். விடைத்தாள் திருத்துபவர் புரட்ட முடியாதுதான், ஆனால் 'இன்றியமையாதது' என்று தொடங்கும் கட்டுரைகளை அடுக்கடுக்காகப் பார்த்த கண்ணுக்கு ஒரு ஏழு குடம் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், கதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது கட்டுரை ஆகாது. ஒரு வாதம் வேண்டும். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-இல். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது 2019 ஜூலையில். சட்டம் வந்து 16 வருடம் கழித்து ரயில் ஏன் வர வேண்டியிருந்தது? அவளிடம் அந்தக் கேள்வியை மட்டும் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வருவதற்குள், அவர்கள் அபார்ட்மெண்டில் சேகரிப்புக் குழி இருந்தும் மண் மூடிக் கிடந்ததை அவளே எழுதியிருந்தாள். சட்டம் போட்டால் போதாது, வருடாவருடம் மழைக்கு முன்னால் குழியைத் தூர்வார வேண்டும் என்பதுதான் அவள் வாதம். தானாகக் கண்டுபிடித்ததால் அந்தப் பத்தியில் ஒரு வேகம் இருந்தது.

இந்தக் கேள்விக்கு 120 முதல் 150 வார்த்தை. மொத்தம் 5 மதிப்பெண்: வடிவத்துக்கு 1, கருத்துகளைக் கோத்துச் சொல்வதற்கு 1, உள்ளடக்கத்துக்கு 2, எழுத்துப்பிழை இலக்கணத்துக்கு 1. வடிவம் என்றால் தலைப்பும் அதன் கீழே பை-லைனும்தான், அதாவது எழுதியவர் பெயர் வரும் வரி. பை-லைனில் உங்கள் சொந்தப் பெயரைப் போடக்கூடாது, கேள்வியில் என்ன பெயர் கொடுத்திருக்கிறார்களோ அதையே போடுங்கள். 'டியர் எடிட்டர்' என்று தொடங்கினால் அது கடிதம். நடந்த விழாவை வரிசையாகச் சொன்னால் அது ரிப்போர்ட். கேள்வியோடு குறிப்புகள் கொடுத்திருந்தால் ஒன்றையும் விடாதீர்கள், ஆனால் அதே சொற்களை அப்படியே திருப்பி எழுதினால் உங்களுடையது என்று அதில் என்ன இருக்கும்? எடுத்துக்கொண்ட காட்சியிலேயே அந்தக் குறிப்புகள் உட்காரும்படி எழுதிப் பாருங்கள். அரிசி கழுவிய தண்ணீர் ஒன்றிலேயே 'மறுபயன்பாடு' என்ற குறிப்பு முடிந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'ஒரு ஆய்வின்படி 87 சதவீதம்' என்று கையிலிருந்து எண் போடாதீர்கள். காந்தி சொன்னார், கலாம் சொன்னார் என்று வாட்ஸப்பில் வந்த வரிகளையும் வைக்காதீர்கள், அதில் பாதி அவர்கள் சொன்னதே இல்லை. உறுதியாகத் தெரிந்த ஒரே ஒரு தகவல் போதும், நீங்கள் கண்ணால் பார்த்தது என்றால் இன்னும் நல்லது.

தலைப்பை முதலில் யோசித்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஒரு வரி இடம் விட்டுவிட்டு எழுதுங்கள், முடிக்கும்போது அது பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். அவளுக்கு 'ஏழு குடம்' என்று வந்தது. கடைசிப் பத்தியில் 'டூ கன்க்ளூட்' என்பதை அடித்துவிட்டு, தூர்வாரிய குழியில் முதல் மழை இறங்கும் சத்தத்தோடு முடித்தாள். எண்ணிப் பார்த்தால் 171 வார்த்தை. பள்ளி வேன் வரியை வெட்ட அவளுக்கு மனசே இல்லை. பாட்டியைப் பற்றிய இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கி, வேனையும் எடுத்த பிறகுதான் 148-க்கு வந்தது.

தேர்வில் எழுத ஆரம்பிக்கும் முன் கேள்வித்தாளைப் படிக்க 15 நிமிடம் தருகிறார்கள். பேனாவைத் தொடக்கூடாது, ஆனால் யோசிக்கலாம். அதில் இரண்டு நிமிடத்தை இதற்கு ஒதுக்கி, கொடுத்த தலைப்பில் நான் நேரில் பார்த்தது எது என்று மட்டும் தேடச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு பிளாஸ்டிக் பற்றி எழுதிக்கொண்டு வருகிறாள். அவர்கள் தெருமுனை மீன் கடையில் பையோடு போகும் அம்மாவைப் பார்த்து கடைக்காரர் என்ன சொல்வார் என்பதிலிருந்து தொடங்கப் போகிறாளாம்.