சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை

பெருநகரத்து இசைக்குழு என்றால் டிராஃபிக்கையும் தனிமையையும் பற்றிப் பாடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னாலேயே நகரம் எங்கள் சத்தத்துக்குள் புகுந்துவிட்டது.

நாங்கள் நான்கு பேர், முதலில் வாசித்தது அடுக்குமாடி வீட்டின் ஒரு சின்ன அறையில். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்த வாரமே டிரம்ஸைப் பிரித்து மூலையில் அடுக்கிவிட்டு டிரம்மர் கஹோன் என்ற தாள மரப்பெட்டியில் உட்கார்ந்து விரல்களால் தட்ட ஆரம்பித்தான், பேஸ் கிட்டாரின் அடிக்குரல் சத்தம் தரை வழியாகக் கீழ் வீட்டுக்கு இறங்குகிறது என்று தெரிந்ததும் நோட்டுகளைக் குறைத்தோம், உச்சத்தில் கத்திப் பாடிக்கொண்டிருந்தவள் மூச்சுக் கேட்கிற அளவுக்கு மெல்லப் பாடப் பழகினாள். இப்போது எங்கள் பாட்டுகளில் நிறைய இடைவெளி. கேட்பவர்கள் அதைத்தான் எங்கள் பாணி என்கிறார்கள்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான புளூஸைப் பாடிய மடி வாட்டர்ஸ் 1943இல் மிசிசிப்பி மாநிலத்தின் பருத்திக் காட்டிலிருந்து சிகாகோவுக்கு வந்தார். ஊரில் மின்சாரம் தேவைப்படாத அக்கூஸ்டிக் கிட்டாரே போதும். ஆனால் ஜனம் நெருக்கியடிக்கும் சிகாகோ கிளப்பில் அது யார் காதில் விழும்? எலக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினார். அவர் குழுவில் லிட்டில் வால்டர் ஹார்மோனிகா என்ற மவுத் ஆர்கனையும் மைக்கையும் சேர்த்துக் கைக்குள் பொத்தி ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வழியாக ஊதினார், டிரம்ஸும் சேர்ந்தது. சிகாகோ புளூஸின் அந்த முரட்டு ஒலியில் பாதி, கூட்டத்தின் இரைச்சலை எதிர்த்து வந்தது என்றே நான் நம்புகிறேன்.

அப்புறம் வாடகை. 1970களின் நடுவில் நியூயார்க் திவாலாகும் நிலையில் இருந்தபோது கீழ் மன்ஹாட்டனில் இடம் மலிவு. டாக்கிங் ஹெட்ஸ் என்ற ராக் குழுவின் மூவரும் லாஃப்ட் எனப்படும் ஒரே பெரிய திறந்த அறையில் தங்கி, நடந்துபோகும் தூரத்தில் இருந்த சிபிஜிபி கிளப்பில் வாசித்தார்கள். வீடு, ஒத்திகை, மேடை எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தால் தப்பும் தவறுமாக முயன்று பார்க்க நேரம் கிடைக்கிறது, அந்த நேரம்தான் எனக்குப் பொறாமை.

எங்கள் டிரம்மர் வாடகை தாங்காமல் நகரத்தின் ஓரத்துக்குப் போய்விட்டான், வந்துபோகவே மூன்று மணி நேரம். இப்போது மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிற ஸ்டுடியோவில் வாரம் இரண்டு மணி நேரம்தான் சேர்ந்து வாசிக்கிறோம், அதனால் நீளமாக வளரவேண்டிய யோசனைகளைக்கூட மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறோம். பதினொரு நிமிட வாய்ஸ் நோட் ஒன்று ஏழு மாதமாக என் போனில் இருக்கிறது. அதை வெட்ட எனக்கு மனமே வரவில்லை.