ஹாக்கி ஆடும் மகளுக்கு மவுத்கார்டு செய்த அனுபவம்

ஹாக்கியில் கோல்கீப்பருக்கு ஹெல்மெட் உண்டு. பெனால்டி கார்னரை, அதாவது தவறுக்குத் தண்டனையாக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பை, தடுக்க நிற்பவர்கள் முகமூடி மாட்டிக்கொள்வார்கள். மற்ற நேரமெல்லாம் பத்துப் பேரின் வாய்க்கும் பல்லுக்கும் எந்தக் காப்பும் இல்லை. கோவில்பட்டியில் என் மகள் மண் தரையிலிருந்து செயற்கைப்புல் மைதானத்துக்கு மாறியபோது, பந்து வரும் வேகத்தைப் பார்த்துத்தான் எனக்கு இது உறைத்தது. அவளுக்கு 11 வயது. மேல்வரிசை முன்பற்கள் விழுந்து முளைத்தவை, கொஞ்சம் தூக்கலாகவும் இருக்கும். இனி போனால் வேறு பல் முளைக்காது.

முதலில் விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு மவுத்கார்டு, அதாவது பல்வரிசைமேல் மாட்டிக்கொள்ளும் காப்பு, வாங்கினோம். வெந்நீரில் போட்டு இளக்கி, வாயில் வைத்துக் கடித்துப் பல்லின் வடிவத்துக்குக் கொண்டுவரும் வகை. கடித்த இடம் மெலிந்துபோனது. வாயைத் திறந்தால் கழன்றது, அதனால் பல்லைக் கடித்தபடியே ஓடினாள். கூட ஆடுகிறவளைக் கூப்பிடக்கூட முடியவில்லை. பாதி ஆட்டத்தில் எடுத்து சாக்ஸுக்குள் செருகிவிட்டாள்.

அப்புறம்தான் பல் டாக்டரிடம் போனோம். சொத்தை இருந்தால் அடைத்துவிட்டுத்தான் அளவு எடுக்க வேண்டும் என்று வாய் முழுக்கப் பார்த்தார். சொத்தை இல்லை. ஒரு பக்கக் கோரைப்பல் மட்டும் பாதி இறங்கியிருந்தது.

அளவு எடுப்பதுதான் அவள் பயந்த கட்டம். ஆல்ஜினேட் பொடியைத் தண்ணீரில் குழைத்து, டிரேயில் வைத்து மேல்தாடையில் அழுத்தினார். இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும், ஆனால் குமட்டும். "தலையைக் குனிஞ்சுக்கோ பாப்பா, மூக்கால மூச்சு விடு, கால் விரலை ஆட்டிக்கிட்டே இரு" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கவனம் காலுக்குப் போனதும் குமட்டல் அடங்கியது.

அந்த அச்சில் மாவுக்கட்டு மாவு போன்ற ஒன்றைக் கரைத்து ஊற்றி அவள் பல்வரிசையின் மாதிரியைச் செய்கிறார்கள். ஈ.வி.ஏ என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூட்டில் இளக்கி மாதிரிமேல் போர்த்தி, கீழிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு பல்லோடு பல்லாகப் படிந்துவிடும். முன்பக்கம் 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன் வேண்டுமாம், அடியைத் தாங்கிப் பரப்புவது அதுதான். இறங்கிவரும் கோரைப்பல்லுக்கு மாதிரியிலேயே கொஞ்சம் இடம் விட்டுச் செய்தார்கள். கடையில் வாங்கியதில் இதற்கு வழியே இல்லை.

போட்டுப் பார்த்த அன்று, மேலுதட்டுக்குள் இருக்கும் சவ்வில் உறுத்தியது. அந்த ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தார். வாயைத் திறந்தாள், பேசினாள், தண்ணீர் குடித்தாள். "அம்மா, இது நிக்குது!" என்றாள். ஒரு நல்ல ஷூ வாங்கும் காசு ஆனது, எனக்கு மனக்குறை இல்லை.

பழக்குவதற்கு, வீட்டில் பாடம் எழுதும்போது போட்டுக்கொள்ளச் சொன்னேன். மைதானத்தில் கை கொடுத்தது கோச்தான். "ஷின் கார்டு இல்லாம உள்ள விடமாட்டேன்ல, இதுவும் அப்படித்தான்" என்றார். 2025இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் வீரர்கள் மவுத்கார்டோடு ஆடியதைப் பார்த்த பிறகு, அவளிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆடி முடித்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, காற்றுத் துளையுள்ள டப்பாவில் வைக்கிறோம். நம் ஊர் வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் விட்டால் நெளிந்துவிடும். இப்போது கோரைப்பல் முழுதாக இறங்கி, கார்டு இறுக்குகிறது. மறுபடி அளவு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டாக்டர் சொன்ன இன்னொன்றை எல்லாப் பெற்றோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நிரந்தரப் பல் வேரோடு விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். மண் இருந்தால் லேசாக அலசலாம், தேய்க்கக் கூடாது. முடிந்தால் உடனே குழியிலேயே பொருத்தி, ஒரு துணியைக் கடிக்கவைத்து ஓட வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் டாக்டரிடம் சேர்ப்பது நல்லது. டீக்கடையில் பாக்கெட் பாலாகக் கேளுங்கள், அடுப்பில் கொதிப்பது ஆகாது. பால்பல் விழுந்தால் மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது, உள்ளே வளரும் பல் கெட்டுவிடும். அப்போதும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.