பி.எட். வகுப்பின் முதல் வாரங்கள்: நாட்குறிப்பு

ஆகஸ்ட் 11

நாளை புதிய அணியினர் வருகிறார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது என்ன, எங்களிடம் அவர்கள் உரிமையோடு கேட்கக்கூடியது என்ன என்ற இரண்டையும் முதல் வகுப்பிலேயே சேர்த்துச் சொல்ல முடிவு செய்திருக்கிறேன். ‘நன்றாக உழையுங்கள்’ என்று பொதுப்படச் சொல்வதால் யாருக்கும் வழி தெரிவதில்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி வகுப்புகளுக்கும் செய்முறைகளுக்கும் 80 விழுக்காடு வருகை போதும். பள்ளிப் பயிற்சிக்கோ 90 விழுக்காடு வேண்டும். இந்த வேறுபாட்டைப் பலர் பள்ளிக்குப் போய் விடுப்பு எடுத்த பிறகுதான் அறிகிறார்கள். அப்போது அறிந்து பயனில்லை.

ஆகஸ்ட் 12

பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரங்கள் என்றும், முதலாண்டில் நான்கும் இரண்டாமாண்டில் பதினாறும் வரும் என்றும் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு அமைதியானது. கைக்குழந்தை உள்ள ஒரு மாணவி, வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியைக் கேட்கலாமா என்றார். இன்றே கேட்டதால் அவருக்கான ஏற்பாட்டைப் பற்றி யோசிக்க எங்களுக்கும் நேரம் இருக்கிறது.

“பி.எட். முடித்தால் அரசுப் பள்ளியில் சேர்ந்துவிடலாம் அல்லவா, மேடம்?” என்று இன்னொருவர் கேட்டார். பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும், அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும் என்று விளக்கினேன். சில முகங்கள் வாடின. ஆனாலும் கடன் வாங்கிப் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளிடம் இதை மறைப்பது அறமல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகஸ்ட் 19

இன்று பதிவேடுகளைப் பற்றிப் பேசினோம். பாடக்குறிப்பேட்டையும் துணைக்கருவிகளையும் பணம் கொடுத்துச் செய்துவாங்கும் பழக்கம் நம் கல்வியியல் கல்லூரிகளைச் சுற்றி வேரூன்றியிருக்கிறது என்பது இத்துறையில் இருக்கும் எவருக்கும் தெரியும். அதைத் தடை என்று அறிவித்தால் மட்டும் நிற்காது. ஏனெனில் எல்லாவற்றையும் கடைசி மாதத்தில் மொத்தமாகக் கேட்கும் நம் வழக்கமே மாணவர்களை அந்தக் கடைகளுக்கு அனுப்புகிறது. ஆகவே, ஒவ்வொரு பாடக்குறிப்பையும் பாடம் நடத்துவதற்கு முந்தைய நாளே எனக்குக் காட்ட வேண்டும், அடித்தல் திருத்தல் இருந்தாலும் சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும், அழகுக்கு மதிப்பெண் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். காட்டிய அன்றே திருத்தித் தருவது என் பொறுப்பு என்பதையும் அவர்கள் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிட்டேன். அழகான அட்டைப் படங்களைவிட, எந்த இடத்தில் மாணவன் குழம்புவான் என்று யோசித்து எழுதிய ஒரு வரியே எனக்குப் பெரிது.

ஆகஸ்ட் 28

நுண்ணிலைக் கற்பித்தல், அதாவது சக மாணவர்கள் முன் சில நிமிடப் பாடம் நடத்திப் பழகுவது, தொடங்கவிருக்கிறது. ஆறு நிமிடம் கற்பித்து, ஆறு நிமிடம் பின்னூட்டம் கேட்டு, பன்னிரண்டு நிமிடத்தில் திட்டத்தை மாற்றியமைத்து, மீண்டும் ஆறு நிமிடம் கற்பித்து, மறுபடியும் ஆறு நிமிடம் பின்னூட்டம் பெறும் 36 நிமிடச் சுழற்சியை விளக்கினேன். ஒரு சுழற்சியில் ஒரு திறனை மட்டுமே பார்ப்போம் என்பதை வலியுறுத்த வேண்டியிருந்தது. வினா கேட்கும் திறனைப் பார்க்கும் நாளில் கரும்பலகை எழுத்தைக் குறைகூற மாட்டோம். உற்றுநோக்கல் படிவத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். வினா தெளிவாக இருந்ததா, விடை சொல்ல அவகாசம் தரப்பட்டதா, பின்வரிசையிலும் கேட்கப்பட்டதா என்று தாம் எவற்றால் மதிப்பிடப்படுவோம் என்பதை முன்பே படித்தவர்கள், தோழர்களின் பாடத்தையும் அதே கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள். பொதுப் பாராட்டுகள் குறைந்து, குறிப்பான கருத்துகள் வந்தன.

செப்டம்பர் 4

பள்ளிகளில் உள்ள வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் இதே படிவத்தை அனுப்ப முதல்வர் ஒப்புக்கொண்டார். பயிற்சி மாணவரை விடுப்பில் இருக்கும் ஆசிரியருக்கு மாற்றாக நாள்முழுதும் வகுப்பில் நிறுத்த வேண்டாம் என்ற வேண்டுகோளையும் கடிதத்தில் சேர்த்திருக்கிறேன். தலைமையாசிரியர்களின் மறுமொழி வந்தபின் பள்ளி ஒதுக்கீட்டைத் தொடங்குவோம்.