நாங்கள் தள்ளிப்போட்ட அந்தப் படிவம்

2024 செப்டம்பரில் திருச்சியிலிருந்து பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விசாவில் கனடாவின் டொராண்டோவுக்கு வந்தோம். கணவர், நான், 8 வயது மகள், 4 வயது மகன். ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் வீடு. கணவருக்கு வேலை அமையவில்லை. கொண்டுவந்த சேமிப்பு வாடகையிலேயே கரைந்துகொண்டிருந்தது.

18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக இங்கே அரசாங்கம் மாதாமாதம் தரும் உதவித்தொகையான 'கனடா சைல்டு பெனிஃபிட்' வரும் என்று தெரியும். ஆனாலும் விண்ணப்பிக்கவில்லை. ஒரு வருடம் வரிக்கணக்குத் தாக்கல் செய்த பிறகுதான் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னதை நம்பிவிட்டோம். அது தவறு, வந்த உடனேயே விண்ணப்பிக்கலாம். இன்னொரு காரணம் கணவரின் மனது. "வந்ததும் வராததுமா அரசாங்கத்துகிட்ட கை நீட்டணுமா?" என்றார். நவம்பரில் குளிர் இறங்கி, இரண்டு பிள்ளைகளுக்கும் ஸ்னோ பூட்ஸும் ஜாக்கெட்டும் வாங்கக் கணக்குப் போட்ட இரவில்தான் அந்தப் பேச்சு ஓய்ந்தது.

நூலகத்தில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு உதவ ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். கணவர் தன் பெயரில் நிரப்பியிருந்த படிவத்தைப் பார்த்ததும், "தம்பி, இதை அம்மாதான் போடவேணும்" என்றார். பெற்றோர் சேர்ந்து வாழ்ந்தால், பிள்ளைகளை முதன்மையாகப் பார்த்துக்கொள்பவர் தாய் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தந்தை விண்ணப்பித்தால் தாய் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். கணவரின் முகத்தைப் பார்த்து அந்த அக்காவே சொன்னார்: "இது பிச்சையில்லை தம்பி, பிள்ளையளுக்கு வாற காசு."

இந்தத் தொகைக்கான விண்ணப்பமான ஆர்.சி. 66 படிவம் சுலபம்தான். புதிதாக வந்தவர்கள் கூடவே இணைக்கும் ஆர்.சி. 66 எஸ்.சி.எச். தாளில்தான் எங்களுக்கு ஒரு வாரம் போனது. கனடாவுக்கு வருவதற்கு முன்பு இருவரும் சம்பாதித்ததை அதில் காட்ட வேண்டும்: வந்த ஆண்டில் இங்கே வந்து சேர்ந்த தேதி வரைக்கும், அதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்கும். கையில் இருந்ததோ ஃபார்ம் 16, ஊரில் கம்பெனி தரும் சம்பள-வரிச் சான்றிதழ். அது ஏப்ரல் முதல் மார்ச் வரை. இங்கே கேட்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆகவே பழைய சம்பளச் சீட்டுகளை மெயிலில் தேடி எடுத்து, மாதம் மாதமாகக் கூட்டி, கனடா டாலருக்கு மாற்றினோம். ஊரிலிருந்து கிளம்பும்போதே சம்பளச் சீட்டுகளை ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்பதால் பிறப்புச் சான்றிதழ் நகலும் கேட்பார்கள். நம் ஊர் மாநகராட்சிச் சான்றிதழில் ஆங்கிலமும் இருப்பதால் அதில் சிக்கல் இல்லை. பெயரில்தான் கவனம் வேண்டும். இன்ஷியலோடு வாழ்ந்த நமக்கு இங்கே குடும்பப் பெயர் என்று ஒன்றை நிரப்ப வேண்டியிருக்கிறது. பி.ஆர். தாளில் எப்படி இருக்கிறதோ அப்படியே சின் எண்ணிலும் (வேலைக்கும் வரிக்கும் இங்கே தரும் அடையாள எண்) வங்கிக் கணக்கிலும் படிவத்திலும் இருக்கட்டும்.

தபாலில் அனுப்பினோம். பிப்ரவரியில் என் கணக்கில் பணம் வந்தது. அக்டோபரிலிருந்து சேர வேண்டியது மொத்தமாக வந்திருந்தது. என் பெயரில், இந்த நாட்டில் வந்த முதல் பணம் அது. அன்று நான் அழுதுவிட்டேன்.

அப்புறம், வருமானமே இல்லாவிட்டாலும் கணவன் மனைவி இருவரும் ஆண்டுதோறும் வரிக்கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும்; இல்லையென்றால் பணம் நின்றுவிடும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இதைத் தன்னார்வலர்கள் இலவசமாகச் செய்து தருகிறார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்துத் தொகை மாறும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரைக்கும் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டாலர், 6 முதல் 17 வயது வரை 6,748 டாலர். குடும்ப வருமானம் ஏற ஏற இது குறையும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் பங்கும் இதோடு சேர்ந்தே வருகிறது, தனி விண்ணப்பம் வேண்டாம்.

எங்கள் மாடி வீட்டுக் குடும்பம் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறது. இந்தப் பணம் கிடைக்க அவர்கள் கனடாவில் 18 மாதம் வசித்து முடித்து, 19ஆவது மாதத்திலும் பெர்மிட் செல்லுபடியாக இருக்க வேண்டும். வரும் மாதத்தோடு 18 முடிகிறது. சம்பளச் சீட்டுகளை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.