தீபாவளிக்கு ஒரு பங்கு ஆடு

கனடாவிலிருந்து வரும் மச்சானுக்கு எப்போதும் மான் கதைதான். அங்கே உரிமம் எடுத்துச் சுட்ட மானைக் கடையில் கொடுத்தால், தோலுரித்துக் குளிரறையில் சில நாள் தொங்கவிட்டு, துண்டு போட்டுப் பொதி கட்டித் தருவார்களாம். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மேய்வதைப் பார்த்துவிட்டால் அவருக்கு நாக்கு ஊறும். 1937ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மானைச் சுடுவது மட்டுமல்ல, அதன் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம் என்று சொல்லி அடக்கினேன். "அப்படியென்றால் பங்கு ஆடு போடுவோம்" என்றார்.

சொந்தக்காரரும் அயலவரும் சேர்ந்தோம். கேதாரகௌரி விரதகாரர் இருந்ததால் வெட்டு தீபாவளிக்கு மறுநாள். ஆடு கிண்ணியாவில் பேசினோம். முன்பு பாதை என்னும் மிதவையில் ஏறிக் கடந்த கடல். 2009இல் பாலம் வந்தபின் ஆட்டை ஆட்டோவில் ஏற்றி வந்துவிடலாம். நலமடித்த, அதாவது காயடித்த, கிடாய்தான் வேண்டும் என்று நான் விடாப்பிடியாக நின்றேன். நலமடிக்காத கடாவின் வாடை எந்தத் தூளுக்கும் அடங்காது. உயிர் எடையில் பாதிகூட இறைச்சியாகத் தேறாது என்பதையும் பங்காளிகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பிறகு முணுமுணுப்பு.

வெட்டுவதற்கு அனுமதி பெற்ற இறைச்சிக்கடைக்காரரிடம் கொடுத்தோம். முஸ்லிம் நானா, இரத்தத்தைப் பிடித்துத் தரமாட்டார், ஆகவே அதை வறுத்துச் செய்யும் இரத்த வறைக்கு வழியில்லை. பெரியம்மாவுக்கு அதில் மனக்குறை. நானாவின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மயிரில் பட்ட கை இறைச்சியில் படாதபடி ஒரு கையால் தோலைப் பிடித்து இழுத்து, மறு கை முட்டியால் தசையிலிருந்து பிரித்துக்கொண்டே போனார். ஈரலில் ஒட்டியிருந்த பித்தப்பையைச் சிறிது ஈரலோடு சேர்த்தே அறுத்து எறிந்தார். அது உடைந்தால் ஈரல் முழுவதும் கசந்துவிடும்.

பிறகுதான் முக்கியமான வேலை, கூறு போடுவது. வாழை இலைகளை வரிசையாக விரித்து, தொடையில் ஒரு துண்டு, நெஞ்செலும்பில் ஒரு துண்டு, ஈரலில் ஒரு துணுக்கு என்று ஒவ்வோர் இலைக்கும் சுற்றிச் சுற்றி வைத்தார். தராசு இருந்தது, யாரும் கேட்கவில்லை. ஒரு சிறுவனைத் திருப்பி நிற்கவைத்து, "இது யாருக்கு?" என்று ஒரு கூறைத் தொட, அவன் ஒரு பெயர் சொன்னான். இதைவிட நேர்மையான பங்கீட்டை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை. தலையும் காலும் மட்டும் கூறில் சேராமல், வாட்டிச் சூப்பு வைக்கத் தெரிந்த பெரியம்மா வீட்டுக்குப் போயின. அவருடைய மனக்குறையும் அத்தோடு தீர்ந்தது.

வெட்டிய உடனே சட்டியில் போட்டால் இறைச்சி விறைத்துக் கிடக்கும். நம் வெயிலில் தொங்கவிட முடியாது. இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் சமைத்தோம். மச்சானின் கூறில் எலும்பு கூடவாம். மாற்றித் தர யாரும் முன்வரவில்லை.